ஈறு தெரிந்தால் மூன்று புள்ளி

என் மனைவிக்கு நீச்சல் தெரியாது. இதை எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிடுகிறேன். இன்றைய தேதிக்கு இதை வெளிப்படையாகச் சொல்லக்கூடிய ஆள் நான் ஒருவன்தான். என்னையும் இன்னும் எத்தனை நாள் சொல்ல விடுவார்கள் என்று தெரியவில்லை.

தெரியாது என்றால் சும்மா தெரியாது இல்லை. தண்ணீர் என்றாலே அவளுக்கு நடுக்கம். கல்யாணமான புதிதில் ஒரு படகுத் துறைக்குக் கூட்டிப்போனேன். கரையில் நின்றபடியே அவள் என் சட்டையைப் பிடித்த பிடியில் பொத்தான்கள் அவள் கையோடு போயின. குளியல் தொட்டி இருக்கிறது என்ற ஒரே காரணத்துக்காக ஒரு நல்ல வாடகை வீட்டை வேண்டாம் என்று சொன்னவள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். பிள்ளைகளை அதட்டுகிற அதே குரலில்தான் வீட்டிலும் பேசுவாள், அதனால் நானும் அவளை டீச்சர் என்றே கூப்பிடுவேன். நான் லிஃப்ட் மெக்கானிக். இந்த ஊரில் பாதி ஜனங்கள் மேலே போய்க் கீழே வந்ததெல்லாம் என் கைவேலையில்தான். என் பேச்சு மட்டும் என் வீட்டில் ஒரு மாடிகூட ஏறியதில்லை.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு டீச்சர் கொஞ்சம் கொஞ்சமாகச் சுருங்கினாள். முதலில் பேச்சு குறைந்தது, அப்புறம் சாப்பாடு. அடுப்பை அணைக்க மறந்தாள். ஒரு நாள் கடைக்குப் போனவள் திரும்பும் வழி தெரியாமல் ஒரு துணிக்கடை வாசலில் உட்கார்ந்திருந்தாள். டாக்டர் இரண்டு பெயர் சொன்னார்: மனச்சோர்வு, மறதி நோயின் ஆரம்பம். எது எதைக் கூட்டிக்கொண்டு வந்தது என்று கேட்டேன். "ரெண்டும் கைகோத்துக்கிட்டுத்தான் வரும்" என்றார், ஏதோ கல்யாண ஜோடியைப் பற்றிச் சொல்கிற மாதிரி.

வேறு ஊரில் இருக்கும் மகள்தான் மறதி வந்த முதியோரை வைத்துப் பார்க்கும் இந்த இல்லத்தைக் கண்டுபிடித்தாள். "பழைய ஞாபகத்த வச்சே வைத்தியம் பண்றாங்களாம்ப்பா. அம்மா பழையபடி ஆயிருவாங்க" என்றாள். நானும் நம்பினேன். இப்போதும் அந்த வைத்தியத்தின்மேல் எனக்கு ஒரு குறையும் இல்லை. ஒரு பழைய பொருளைக் கையில் கொடுத்து, "இது எங்க வாங்கினது?" என்று கேட்டு, பதில் வரும்வரை பொறுமையாகப் பக்கத்தில் உட்கார வேண்டும். அவ்வளவுதான் வைத்தியம். அந்தப் பொறுமைக்கு மட்டும் இல்லத்தில் ஆள் இல்லை. அதற்குப் பதிலாக ஒரு டைரக்டர், ஒரு நினைவு நல அலுவலர், ஒரு கேமரா, ஒரு புள்ளிக் கணக்கு எல்லாம் வைத்திருந்தார்கள்.

சேர்க்கும்போதே ஒரு நீலப் பெட்டி கொடுத்தார்கள். எல்லாருக்கும் ஒரே நீலம், ஒரே அளவு. ஆளின் வாழ்க்கையை அதற்குள் போட்டுக் கொண்டுவர வேண்டும். நான் டீச்சரின் சிவப்பு மைப் பேனாவைப் போட்டேன். மேஜையைத் தட்டித் தட்டி முனை மழுங்கிய மர ஸ்கேலையும், ஆசிரியர் அறையில் அவள் டீ குடித்த, விளிம்பு உடைந்த கோப்பையையும் போட்டேன். என் படத்தை வைக்கவில்லை. நான்தான் நேரிலேயே வரப்போகிறேனே, படம் எதற்கு?

பெட்டியின் எண்ணை மூடியில்தான் ஒட்டுவார்கள், பெட்டியில் இல்லை. இது ஏதோ சின்ன விஷயம் என்று அன்று நினைத்தேன்.

முதலில் எல்லாம் நன்றாகத்தான் போனது. நான் போகும்போதெல்லாம் டீச்சர் அந்தக் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டு, "குடிக்கறதுக்குள்ள மணி அடிச்சிருவாங்கங்க, ஒரு நாளும் சூடாக் குடிச்சதில்ல" என்று ஏதாவது சொல்வாள். அப்புறம் எனக்குக் காய்ச்சல் வந்து சில வாரம் படுத்துவிட்டேன். எழுந்து போனபோது அவள் ஜன்னல் பக்கமாக உட்கார்ந்திருந்தாள். கழுத்தில் ஒரு விசில் தொங்கியது. மடியில் ஒரு மெடல், ஒரு ரப்பர் நீச்சல் தொப்பி, ஒரு புகைப்படம். படத்தில் ஒரு ஆள் லாரியில் சாய்ந்து நின்றான். முகத்தில் பாதி மீசை.

"என்ன டீச்சர், இது எந்த வேஷம்?" என்றேன்.

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். பக்கத்தில் நின்ற கேமராவைப் பார்த்தாள். பிறகு விசிலை எடுத்து, ஜன்னலைப் பார்த்துத் திரும்பி, காது கிழிகிற மாதிரி ஊதினாள்.

"எங்க வீட்டுக்காரர் வர்ற நேரம்" என்றாள், வாய் நிறையச் சிரித்து. "அவருக்கு மீசை இருக்கும். நீங்க யாரப் பாக்க வந்தீங்க?"

எனக்குச் சிரிப்புத்தான் முதலில் வந்தது. சிரித்து முடித்து அவள் முகத்தைப் பார்த்தேன். நாற்பது வருஷம் என்னோடு சண்டை போட்ட முகம் அது. அந்த முகத்தில் எனக்கு இடம் இல்லை.

"பாத்தீங்களா சார், ஈறு தெரிஞ்சுது!" என்று கை தட்டினார் நினைவு நல அலுவலர். இந்த அம்மாளுக்கு நான் மனதுக்குள் சிரிப்பம்மா என்று பெயர் வைத்திருந்தேன். தூங்கும்போதும் சிரிப்பார் என்று நினைக்கிறேன். இல்லத்தின் புள்ளிக் கணக்கு அவர் கண்டுபிடித்தது. நினைவு கூரும்போது உதடு விரிந்தால் ஒரு புள்ளி, பல் தெரிந்தால் இரண்டு, ஈறு தெரிந்தால் மூன்று. கண் கலங்கினால் இருந்த புள்ளியும் போய்விடும். பல்லே இல்லாதவர்களுக்கு வாயைத் திறந்ததும் ஈறுதான் தெரியும் என்பதால் அவர்கள்தான் எப்போதும் முதலிடம்.

"மேடம், இது என் மனைவி பெட்டி இல்ல" என்றேன். "அவ கணக்கு டீச்சர். பெட்டி மாறியிருக்கு."

"மாற வாய்ப்பே இல்ல சார். வாரா வாரம் எல்லாப் பெட்டியையும் மூடியக் கழட்டி, மருந்து போட்டுக் கழுவி, காயவச்சு, திரும்ப மூடி போட்டுத்தான் குடுக்கிறோம். அவ்வளவு சுத்தம்."

"எந்த மூடி எந்தப் பெட்டிக்குன்னு எப்படித் தெரியும்?"

"எல்லா மூடியும் எல்லாப் பெட்டிக்கும் சரியாப் பொருந்தும் சார். அதுதான் இந்த மாடலோட வசதி."

கூடத்தைச் சுற்றிப் பார்த்தேன். எனக்குத் தெரிந்து ரொட்டிக்கடை நடத்திய ஒரு மனுஷர் வக்கீல் அங்கியைப் போட்டுக்கொண்டு சுவரிடம் வாதாடிக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் வங்கி வாசலில் துப்பாக்கியோடு நின்ற காவலாளி பொம்மைக்குப் பால் கொடுத்தார். யாரும் மறுக்கவில்லை. எல்லாரும் சிரித்தார்கள், பல் தெரிய, ஈறு தெரிய. மாலை வெயில் அடித்த அந்தப் பெரிய கூடத்தில் எனக்குக் குளிர் எடுத்தது.

டைரக்டரைப் பார்க்கப் போனேன். சட்டையில் ஒரு மடிப்புக்கூடக் கலையாத மனுஷர். சட்டைக் கழுத்தில் சின்ன மைக் குத்தியிருப்பார். அறையில் நாங்கள் இரண்டு பேர் மட்டும் இருந்தும் அதைக் கழற்றவில்லை. அவர் பேசப் பேச அறை மூலையில் இருந்த ஒலிபெருக்கி இன்னொரு தடவை பேசியது.

"உக்காருங்க. உண்மை வேற, நலம் வேற. உண்மையால யாருக்காவது பசி எடுத்திருக்கா? உங்க மனைவி சொந்த ஞாபகத்தோட வந்தாங்க, அரை வயித்துக்குச் சாப்பிட்டாங்க. இப்போ முழுத் தட்டும் காலி. அப்போ எது நல்ல ஞாபகம்? நீங்களே சொல்லுங்க."

"ஆனா அது அவ ஞாபகமே இல்லையே சார்!"

"ஞாபகத்துக்குச் சொந்தக்காரங்கன்னு யாரு இருக்கா? நாங்க எதையும் வீணாக்கறதில்ல. ஒருத்தருக்கு உதவாத ஞாபகம் இன்னொருத்தருக்கு உதவட்டுமே. இதுவரைக்கும் ஒருத்தர்கூட எங்ககிட்ட புகார் குடுத்ததில்ல."

"குடுத்தா என்ன பண்ணுவீங்க?"

"குடுத்தா அது நோய் முத்தினதுக்கு அடையாளம். மேல அமைதித் தளத்துக்கு மாத்திருவோம்." அவர் பெருமையாகப் பின்னால் சாய்ந்தார். "அதனாலதான் கீழ ஒரு புகாரும் இல்ல."

இல்ல என்று ஒலிபெருக்கியும் சொன்னது.

அமைதித் தளம் என்பது மேல் மாடி. அங்கே போனவர்களைக் குடும்பத்தார் கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கலாம், அதுவும் அவர்கள் விழித்திருந்தால். லிஃப்டில் அந்த மாடிக்குப் பொத்தான் கிடையாது. பொத்தான் இருந்த இடத்தில் ஒரு சாவித் துளை. என் தொழிலில் நான் எத்தனையோ சாவித் துளை பொருத்தியிருக்கிறேன், சாமான் ஏற்றும் லிஃப்டில். மனுஷர் போகிற மாடிக்கு அன்றுதான் பார்த்தேன்.

மகளைப் போனில் கூப்பிட்டேன். நான் வாயைத் திறப்பதற்குள் அவள் ஆரம்பித்துவிட்டாள். "அப்பா, வீடியோ அனுப்பியிருக்காங்க! அம்மா சிரிக்கிறாங்கப்பா! எவ்வளவு வருஷமாச்சு!"

"அது உங்கம்மா சிரிப்பு இல்லம்மா. உங்கம்மா சிரிச்சா வாயப் பொத்திக்குவா. மறந்துட்டியா?"

"டைரக்டர் சார் பேசினாரு. நீங்க ரொம்பக் குழம்பிப் போயிருக்கீங்கன்னாரு. அம்மா நல்லாகறத உங்களால ஏத்துக்க முடியலையாம். அப்பா... உங்களுக்கும் ஏதாவது மறக்குதா? மறைக்காம சொல்லுங்கப்பா, எனக்குப் பயமா இருக்கு."

எனக்கும் பயமாக இருந்தது. அவளிடம் சொல்லவில்லை.

அடுத்த தடவை போனபோது வாசலிலேயே ஒரு ஊழியர் பசையும் ஒட்டு மீசையுமாகக் காத்திருந்தார். மீசை இல்லாத ஆள் வந்தால் டீச்சரின் புள்ளி இறங்குகிறதாம். ஒட்டிக்கொண்டால் உள்ளே போகலாம், இல்லாவிட்டால் பார்வையாளர் அனுமதி ரத்து. ஒரே ஒரு தடவை தவிர என் ஆயுளில் நான் மீசை வைத்ததில்லை. வளரும் வயதில் வைத்துப் பார்த்தேன், வீட்டில் எல்லாரும் சிரித்ததால் எடுத்துவிட்டேன். இப்போது அது இரண்டு பக்கமும் பூனை வால் மாதிரி தொங்கியது.

"கொஞ்சம் சத்தமாப் பேசுங்க சார்" என்றார் சிரிப்பம்மா.

"எதுக்கு?"

"படத்தப் பாத்தாலே சத்தமாப் பேசற ஆளுன்னு தெரியுதே."

டீச்சர் முன்னால் உட்கார்ந்தேன். பக்கத்தில் கேமரா. கேள்விகளைச் சிரிப்பம்மாவே எடுத்துக் கொடுத்தார். நான் கத்தினேன்: "நீ மெடல் வாங்கின அன்னைக்கு நான் லாரிய நிறுத்திட்டு ஓடி வந்தேனே, ஞாபகம் இருக்கா?" கட்டிய மனைவியிடம் இன்னொருத்தன் வாழ்க்கையைக் கத்திச் சொல்லும்போது உள்ளுக்குள் என்னமோ அறுந்துபோகிறது. அவள் "இருக்கே!" என்று ஈறு தெரியச் சிரித்தாள். அதே நேரம் மேஜைக்கு அடியில் என் காலை நறுக்கென்று மிதித்தாள். கால் நடுக்கம் வந்துவிட்டது போல, அதுவும் நோயின் ஒரு கட்டம் என்று டாக்டர் சொல்லியிருந்தாரே என்று நினைத்து எனக்கு அழுகை முட்டியது. என் கண் கலங்கியதற்கு அவள் கணக்கில் புள்ளி கழித்தார்கள்.

அன்றைக்குத்தான் முடிவு செய்தேன். இந்த விசிலுக்குச் சொந்தக்காரி ஒருத்தி எங்கேயோ இருக்க வேண்டும். அவளைக் கண்டுபிடித்து, இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவிட்டால் யாரும் ஒன்றும் பேச முடியாது. கீழ்த்தளத்தில் அப்படி யாரும் இல்லை. மேலேதான் இருக்க வேண்டும்.

சாப்பாட்டு வண்டி லிஃப்டில் ஏறும் நேரம் பார்த்து நின்றேன். ஊழியர் சாவியைப் போட்டுவிட்டு, மறந்துபோன கரண்டிகளை எடுக்கத் திரும்பினார். நான் வண்டிக்குப் பக்கத்தில் நுழைந்து கதவைச் சாத்திக்கொண்டேன். எத்தனையோ லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறேன். இருட்டில், இரண்டு மாடிக்கு நடுவில், கயிறு முறுக்கிக்கொண்டு நின்றபோதும் எனக்கு ஒன்றும் ஆனதில்லை. அன்று அந்த லிஃப்ட் ஒழுங்காக மேலே போனது. அதற்கே நான் சாப்பாட்டு வண்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

கதவு திறந்ததும் ஒரு சத்தமும் இல்லை. நீளமான நடை, இரண்டு பக்கமும் கண்ணாடிச் சுவர், கண்ணாடிக்குப் பின்னால் கட்டில்கள். சுவரில் படம் இல்லை, மேஜையில் பொருள் இல்லை. பொருளைப் பார்த்தால் ஞாபகம் வந்து தொந்தரவு செய்யும் என்று எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்களாம். படுத்திருந்தவர்கள் கூரையைப் பார்த்தபடி இருந்தார்கள். என் ஷூ சத்தத்துக்கு ஒருவர்கூடத் திரும்பவில்லை.

கடைசி அறையில், தோட்டத்துப் பக்கம் பார்த்த ஜன்னல் ஓரம் ஒரு அம்மாள் நின்றிருந்தார். அகலமான தோள். என்னைப் பார்த்ததும் கண்ணாடிக்குப் பக்கத்தில் வந்தார்.

"விசில் உங்ககிட்டயா இருக்கு?" என்று கேட்டார். குசலம் இல்லை, யார் எவர் என்று கேட்கவில்லை.

"என் மனைவிகிட்ட இருக்குங்க."

"டெய்லி கேக்குது. நல்லாத்தான் ஊதுறாங்க. ஆனா கடைசில இழுக்கிறாங்க. அப்படி இழுக்கக் கூடாதுன்னு சொல்லுங்க. நறுக்குன்னு நிறுத்தணும். இழுத்தா பசங்க நிப்பாட்டணுமா நீந்தணுமான்னு தெரியாம தண்ணி குடிச்சிருவாங்க."

"அந்த மீசைக்காரர்..."

"எங்க வீட்டுக்காரரு. போய்ச் சேந்து ரொம்ப நாளாச்சு. வந்து பாக்க ஆள் இருந்திருந்தா நான் ஏன் இங்க நிக்கறேன்?" அவர் கண்ணாடியில் கையை வைத்தார். "ஒரு நாள் பெட்டியத் திறந்து சிவப்புப் பேனாவும் ஒடஞ்ச கோப்பையும் குடுத்தாங்க. இது என்னோடதில்லன்னேன். நல்லா யோசிங்கன்னாங்க. யோசிச்சுட்டும் இல்லன்னேன். வேற ஒரு வார்த்தை சொல்லலங்க. சத்தியமா வேற ஒண்ணும் சொல்லல."

அதற்குள் பின்னால் ஆட்கள் ஓடிவரும் சத்தம். இரண்டு பேர் என் இரண்டு கையையும் பிடித்தார்கள், மிகவும் மரியாதையாக. என் மீசை ஒரு பக்கம் கழன்று தொங்கியது. "வழி தவறிட்டீங்க ஐயா" என்றார் ஒருவர். "நான் வழி தவறல, தெரிஞ்சேதான் வந்தேன்" என்றேன். "எல்லாரும் அப்படித்தான் சொல்லுவாங்க" என்றார் இன்னொருவர், என் முதுகைத் தடவிக்கொடுத்து.

அந்த வாரமே இல்லத்தில் பெரிய நிகழ்ச்சி. சிறந்த நினைவு நல இல்லம் என்ற விருதுக்காகப் பார்வையிட மூன்று அதிகாரிகள் வருகிறார்கள், நட்சத்திர நோயாளி டீச்சர், பக்கத்தில் அன்புக் கணவராக நான். மூன்று அதிகாரிகள் முன்னால் உண்மையைப் போட்டு உடைத்துவிடுவது என்று நான் தீர்மானித்திருந்தேன். மேலே அந்த அம்மாள், கீழே என் டீச்சர். மறைக்க முடியுமா? சட்டையை நானே இஸ்திரி போட்டுக்கொண்டேன். மீசையை ஒட்டவிட்டேன்.

டைரக்டர் மேடையில் பேசினார். கழுத்து மைக் போதாதென்று கையிலும் ஒரு மைக். "முதியோர் சோகமாக இருப்பதற்குக் காரணம் என்ன? அவர்களுக்கு நடந்தவை! நடந்தவற்றை நாம் மாற்ற முடியாது என்று மற்ற இல்லங்கள் கைவிட்டுவிட்டன. நாம் கைவிடவில்லை. இங்கே யாருக்கும் துக்கமான கடந்தகாலம் கிடையாது. அப்படி ஒன்று இருப்பவரை நாம் கீழே வைத்துக்கொள்வதும் கிடையாது." அதிகாரிகள் கை தட்டினார்கள். ஒருவர் குறிப்பெடுத்துக்கொண்டார்.

"இப்போது கணவர் ஒரு வார்த்தை" என்றார் சிரிப்பம்மா.

மைக் என் கைக்கு வந்தது. "ஐயா, இவங்க என் மனைவிதான். ஆனா நான் அந்தப் படத்துல..." என்று ஆரம்பித்தேன்.

விசில் அலறியது.

டீச்சர் எழுந்து நின்று, கன்னம் உப்ப, முகம் சிவக்க ஊதினாள். நான் நிறுத்தியதும் நிறுத்தினாள். மறுபடி வாயைத் திறந்தேன், மறுபடி ஊதினாள். வகுப்பில் பேசுகிற பையனை அடக்குகிற அதே பார்வை. கூட்டம் சிரித்துக் கை தட்டியது. "பயிற்சியாளரின் மிடுக்கு அப்படியே இருக்கிறது பாருங்கள்!" என்று டைரக்டர் மேடையில் உருகினார். மைக்கை என் கையிலிருந்து மெதுவாக வாங்கிக்கொண்டார்கள்.

அதிகாரிகள் விருதை உறுதிசெய்துவிட்டுப் புறப்பட்டார்கள். அவர்கள் கார் வாசலைத் தாண்டியதும் டைரக்டர் என் தோளில் கை போட்டார்.

"ஐயா, உங்களப் பத்தித்தான் எங்களுக்குக் கவலை. சொந்த மீசைய மறந்துட்டீங்க. மனைவியோட தொழில் மறந்துபோச்சு. மாடி மாறிப் போயிட்டீங்க. அப்பப்போ அழறீங்க. நோய் ரெண்டு பேருக்கும் ஒண்ணா வரும்னு எங்க அனுபவம். உங்க மக ஒத்துக்கிட்டாங்க, பாவம், போன்ல அழுதாங்க. தம்பதி அறை ஒண்ணு காலியா இருக்கு. உங்களுக்குன்னு ஒரு பெட்டியும் தயார்."

"என் பெட்டியா? நான் எந்தப் பெட்டியும் குடுக்கலையே!"

"மேல ஒருத்தருக்கு உதவாமக் கிடந்தது. நாங்க எதையும் வீணாக்கறதில்லன்னு சொன்னேனே?"

நீலப் பெட்டியை என் முன்னால் வைத்தார்கள். சிரிப்பம்மா மூடியைத் திறந்தார். கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்தது. உள்ளே சிவப்பு மைப் பேனா, முனை மழுங்கிய மர ஸ்கேல், விளிம்பு உடைந்த கோப்பை. கோப்பையின் அடியில் எத்தனையோ வருஷத்து டீக்கறை, நான் தேய்த்துத் தேய்த்தும் போகாதது.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க ஐயா" என்றார் சிரிப்பம்மா. "இது உங்களோடதுதானே?"

இதே கேள்வியைத்தான் அந்த அம்மாளிடமும் கேட்டிருப்பார்கள். இதே சிரிப்போடு. லிஃப்ட் கதவு திறந்தே இருந்தது. அதன் பக்கத்தில் ஒரு ஊழியர் சாவியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றார். இல்லை என்று சொல்ல வாய் வரைக்கும் வந்துவிட்டது. இது என் டீச்சருடையது, அதோ அங்கே நிற்கிறாளே அவளுடையது என்று கத்த வேண்டும் போல இருந்தது.

டீச்சரைப் பார்த்தேன். அவள் விசிலை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். கண் மட்டும் என்னிடமிருந்து லிஃப்டுக்குப் போய், திரும்ப என்னிடம் வந்தது. படகுத் துறையில் என் சட்டையைப் பிடித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தாளே, அதே கண்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. மேஜைக்கு அடியில் என் காலை மிதித்தது நடுக்கம் இல்லை.

"என்னோடதுதான்" என்றேன். "கணக்கு வாத்தியார் நான்." சொல்லிவிட்டு, ஈறு தெரியச் சிரித்தேன்.

மூன்று புள்ளி போட்டார்கள்.

இரண்டு பேருமே பெட்டியை ஒத்துக்கொண்ட தம்பதிக்குக் கேமரா தேவையில்லை என்பது விதி. மாலையில் தோட்டத்து பெஞ்சில் எங்களைத் தனியாக உட்கார வைத்தார்கள். அவள் கழுத்தில் விசில், என் கையில் சிவப்புப் பேனா. ஊழியர் உள்ளே போகும்வரை டீச்சர் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அந்தம்மாவ என் கண்ணு முன்னாடிதான் மேல தள்ளிக்கிட்டுப் போனாங்க" என்றாள், உதடு அசையாமல். "என்னோடதில்லன்னு கத்திக்கிட்டே போனாங்க. அடுத்தது என் முறை. விசிலக் குடுத்தாங்க. வாங்கி ஊதிட்டேன்."

"நான் எவ்வளவு பயந்துட்டேன் தெரியுமா? உனக்கு என்னையே தெரியலன்னு..."

"நிறைய மறந்துபோச்சுங்க. உங்க தம்பி பேரு மறந்துபோச்சு. வீட்டு வாசல் எந்தப் பக்கம்னு நேத்தெல்லாம் யோசிச்சேன், வரல. நாளைக்கு இதுவும் மறந்து, நெசமாவே அந்த மீசைக்காரன் பொண்டாட்டின்னு நெனச்சுக்குவேனோன்னு பயமா இருக்கு." அவள் என் கையைப் பிடித்தாள். "நீங்கதான் எனக்கு டெய்லி சொல்லணும். மெதுவா, காதுல."

"சொல்றேன் டீச்சர்."

"மீசை நல்லாவே இல்ல உங்களுக்கு."

இரண்டு பேரும் சிரித்தோம். அவள் வாயைப் பொத்திக்கொண்டாள். அந்தச் சிரிப்புக்கு இங்கே புள்ளி கிடையாது.

"அந்தம்மாவப் பாத்தேன். கடைசில இழுக்கறியாம். நறுக்குன்னு நிறுத்தணுமாம்" என்றேன்.

"அவங்களுக்குக் கேக்கட்டும்னுதான் ஜன்னல் பக்கம் திரும்பி ஊதுறது. கேக்குதா? நெசமாவா?" அவள் முகம் மலர்ந்தது. விசிலை எடுத்து, மூச்சை இழுத்து, ஒரு தடவை ஊதினாள். நறுக்கென்று நிறுத்தினாள்.

மேல் மாடியின் கடைசி ஜன்னலில் ஒரு கை எழுந்தது. தண்ணீரைப் பின்னால் தள்ளுகிற மாதிரி மெதுவாகச் சுற்றி இறங்கியது. அடுத்து மறு கை. நான் வாய் பிளந்து பார்த்தேன்.

"மேல பாக்காதீங்க" என்றாள் டீச்சர், சிரித்த முகத்தை மாற்றாமல். "பாத்தா ஜன்னல அடச்சிருவாங்க. ஆள் வருது. பேனாவ ஒழுங்காப் பிடிங்க, எந்த வாத்தியார் இப்படிப் பிடிப்பான்?"